பத்தரை, ஒன்று, நாலரை

மூத்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சிறுநீர் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று என் மகள் சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அதனால் அது பன்னீராகிவிட்டதா என்ன? "உனக்கு எழுதறதுக்கு வேற விஷயமே கிடைக்கலையாம்மா?" என்றும் கேட்டாள். மழையைப் பற்றி எழுதியிருக்கிறேன், பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இதற்கு அப்படி யாரும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் எனக்கு வேலை கிடைத்தது. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரி. பெயர் எதற்கு, இப்போது அந்தக் கட்டடத்தில் வேறு யாரோ வேறு என்னவோ செய்கிறார்கள். அடுகோடியிலிருந்து காலை ஏழரை மணி பஸ். ஒரே லைனில், ஒரே வேலையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை.

முதல் மாதம் காலர் முனையைத் திருப்பும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்வேன். ஆறு மாதத்தில் கை தானாகத் திருப்பியது. மனசு வீட்டு மாடியில் காயப்போட்ட துணியை நினைத்துக்கொண்டிருக்கும், மழை வருமோ என்று ஜன்னலைத் தேடும், கை அது பாட்டுக்குத் தைத்துக்கொண்டே போகும். பாபினில் நூல் தீரப்போவது மெஷின் சத்தத்திலேயே காலுக்குத் தெரிந்துவிடும். கால் பெடலை விட்ட பிறகுதான் எனக்கே தெரியும். இப்படி ஒரு வித்தை என் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதில் எனக்கு ரொம்பப் பெருமை. அதோடு கூடவே வேறு என்னென்ன வந்து உட்கார்ந்தது என்று அப்போது நான் பார்க்கவில்லை.

லைனுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை உண்டு. கடைசி மெஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அட்டை ஆணியில் இல்லையென்றால் யாரோ போயிருக்கிறார்கள் என்று அர்த்தம், அவர் வரும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நாற்பது பேருக்கு ஒரு அட்டை. புதிதாக வந்த பெண்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கூசிப்போய் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு ஓடுவார்கள்.

ஆனால் போகாதே என்று யாரும் சொன்னதில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் காலையிலிருந்து சாயந்திரம் வரை "பேகா, பேகா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டே நடப்பார். பீஸ் குறைந்தால் கத்துவார். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் வாயைத் திறந்ததே கிடையாது. ஒருத்தி எழுந்தால் தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். எழுந்தவள் வழியிலேயே பாதி செத்துவிடுவாள்.

அதனால் முதலில் போவதைக் குறைத்தேன். பிறகு குடிப்பதைக் குறைத்தேன். காலையில் அரை டம்ளர் காபி, அதோடு சரி. கொஞ்ச நாளில் தாகம் எடுப்பதே நின்றுவிட்டது. இன்று முதல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று ஒரு நாள் உட்கார்ந்து நான் முடிவு செய்யவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பத்தரைக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலரைக்கு மறுபடி டீ. இந்த மூன்று வேளையில் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிப்போய் வரிசையில் நிற்பேன். காலர் வைப்பதை ஒரு அக்கா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் இதைத்தான் காலரைவிட நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஃபேக்டரியை மூடி மெஷின்களை வேறு மாவட்டத்துக்கு லாரியில் ஏற்றிப்போனார்கள். நான் வீட்டில் உட்கார்ந்த ஆறாவது மாதம் இடுப்பில் வலி வந்தது. வலி என்று ஒரு சொல்லில் முடிக்கிற விஷயமில்லை, தரையில் புரண்டேன். சிறுநீரகத்தில் கல். டாக்டர் சின்ன வயசுக்காரர், சிரித்த முகம். "சின்னக் கல்லுதான், தானே வந்துடும். தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிங்கம்மா, வேற ஒண்ணும் வேணாம்" என்றார். தண்ணீர் குடிப்பதில் என்ன பெரிய கஷ்டம் என்று நானும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மகள் பெரிய பாட்டில் வாங்கி வந்தாள். எந்த மணிக்கு எதுவரை குடிக்க வேண்டும் என்று அதில் கோடு போட்டிருந்தது. காலையில் நிரப்பி என் கண் முன்னால் வைத்துவிட்டு ஆபீஸ் போவாள். சாயந்திரம் வந்து பார்த்தால் பாட்டில் நிரப்பியபடியே இருக்கும். நான் குடிக்கக்கூடாது என்று வீம்பு பிடிக்கவில்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது, பாட்டிலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கை அந்தப் பக்கம் போகவில்லை. "நீ என்ன ஒட்டகமாம்மா?" என்று கத்தினாள். என் போனில் மணிக்கு ஒரு அலாரம் வைத்தாள். இரண்டே நாளில் என் விரல் அந்த அலாரத்தை அணைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அடித்ததும் தெரியாது, அணைத்ததும் தெரியாது. சாயந்திரம் அவள் போனை எடுத்து, "எட்டு தடவை ஆஃப் பண்ணியிருக்க" என்று காட்டியபோது எனக்கே பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்து இலையில் சாதம் விழுந்து சாம்பாருக்குக் காத்திருந்தபோது நான் சடாரென்று எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பாத்ரூம் போக வேண்டும் போல இருந்தது. மகள் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள். மணி சரியாக ஒன்று. அன்றுதான் முதன்முதலாக எனக்குக் கோபம் வந்தது. ஃபேக்டரி போய்விட்டது, லைன் போய்விட்டது, சூப்பர்வைசர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. என் வயிற்றுக்குள் மட்டும் இன்னும் அவர்கள் மணிதான் அடித்துக்கொண்டிருக்கிறது.

கல் வெளியே வந்த பிறகு அடுகோடியிலேயே ஒரு சின்ன யூனிட்டில் வேலை கிடைத்தது. கீழே லேத் பட்டறை, மேலே ஒரே ஒரு ஹால், பன்னிரண்டு மெஷின். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற இடம். முதலாளி மல்லேஸ்வரத்துக்காரர். அவருடைய அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவராம், மூன்று தலைமுறையாக இந்தக் கன்னட ஊரிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். நல்ல மனுஷர். குரல் உயர்த்த மாட்டார், எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆறு மாதம் என் வேலையைப் பார்த்துவிட்டு என்னை இன்சார்ஜ் ஆக்கினார்.

இன்சார்ஜ் ஆன அன்றே எல்லோரையும் கூப்பிட்டு ஒரு பிரசங்கம் செய்தேன். "இங்க அட்டையும் கிடையாது ஆணியும் கிடையாது. போகணும்னா எழுந்து போங்க. என்னைக் கேக்கவே வேணாம்." எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? என் மெஷின் அவர்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும், எல்லோர் முகமும் எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பின்னால் கதவு, கதவுக்கு வெளியே பாத்ரூம், கதவுக்கு மேலே கடிகாரம். எங்கள் பெண்களும் பத்தரை, ஒன்று, நாலரை தவிர எழுந்திருக்கவே மாட்டார்கள். அவர்களும் பழைய ஃபேக்டரிக்காரிகள்தானே, பழக்கம் என்று நினைத்தேன். ரொம்ப ஒழுங்கானவர்கள் என்று முதலாளியிடம் சொல்லிக்கூட இருக்கிறேன்.

போன ஏப்ரலில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வேறொரு பெரிய ஃபேக்டரியில் பதினைந்து வருடம் சட்டைக் கைக்குக் கஃப் தைத்தவர், கை அவ்வளவு சுத்தம். முதல் நாளே என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "எனக்கு சுகர் இருக்குது மேடம். மாத்தர வேற போடறேன். அடிக்கடி போறா மாரி இருக்கும்" என்றார். "தாராளமா போங்க, மேடம்னு வேற கூப்பிடாதீங்க, அக்கான்னு சொல்லுங்க" என்றேன். சரி மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வாரம் எழுந்து எழுந்து போனார். இரண்டாவது வாரம் குறைந்தது. மூன்றாவது வாரம் அவரும் மற்றவர்களைப் போலவே மூன்று வேளையோடு நிறுத்திக்கொண்டார். மாத்திரை வேலை செய்கிறது போல என்று நான் சந்தோஷப்பட்டேன். நான் எவ்வளவு பெரிய மடச்சி என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம்கூட இல்லை, வேலை கழுத்தைப் பிடிக்கிறது. ஒரு வியாழக்கிழமை. ஒரு மணிக்கு எல்லோரும் எழுந்து டப்பாவைத் திறந்தார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. தைத்து முடித்த கட்டம் போட்ட பாவாடைகளை மடியில் குவித்து வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டேன். "நீங்க சாப்பிடுங்க மேடம்" என்றார். குரல் சரியில்லை. கிட்டே போனேன். ஸ்டூலுக்குக் கீழே தரை ஈரம்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அந்த முகத்தை எழுத எனக்கு வராது.

துணி வண்டி வந்திருக்கிறது, எல்லோரும் கீழே போய் பண்டல் இறக்குங்கள் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி மற்றவர்களை அனுப்பினேன். அவர்கள் சலித்துக்கொண்டே இறங்கிப்போனதும் கதவைச் சாத்தி, கட்டிங் டேபிளில் இருந்த நீளத் துணி ஒன்றைக் கொடுத்துச் சுற்றிக்கொள்ளச் சொன்னேன். நான் துடைக்கக் குனிந்தபோது என் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு தானே துடைத்தார். கீழே லேத் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு போனவர் வெள்ளிக்கிழமை வரவில்லை, சனிக்கிழமையும் வரவில்லை. போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஜீவனஹள்ளிக்குப் போனேன். சிவாஜிநகரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, இரண்டு மூன்று பேரிடம் வழி கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னை வாசலில் பார்த்ததும் அவர் முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். தனக்கும் ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல மேடம், அதான்" என்று தொடங்கினார். எனக்கு அவசரம், குற்ற உணர்ச்சி, இரண்டும் சேர்ந்து கோபமாக வந்தது. "போகணும்னா போங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? யாரு உங்களைத் தடுத்தாங்க? இன்னாத்துக்கு இப்படி அடக்கினீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு, "நீங்க கடிகாரத்த பாத்தீங்களே" என்றார்.

"நானா? எப்ப?"

"நான் எழுந்துக்கறப்பல்லாம்."

"நான் ஒரு நாளும் பார்க்கல."

"பாத்தீங்க மேடம். நான் எழுந்தாலும் பாப்பீங்க, வேற யாரு எழுந்தாலும் பாப்பீங்க. அதான் அங்க யாருமே எழுந்துக்க மாட்டாங்க." அவர் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்.

நான் இல்லவே இல்லை என்று சாதித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதைக்கூட மறந்து, என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததுண்டா, சுருக்கென்று ஒரு பேச்சு உண்டா என்று அடுக்கினேன். "பேச்சுல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றார். அப்போதுதான் அவர் டம்ளர்களைப் பார்த்தார். நான் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, இரண்டும் வைத்தபடியே இருந்தன.

"நீங்களும் குடிக்கல" என்றார்.

"நீங்களும் குடிக்கல" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் டம்ளரை எடுத்து மருந்து குடிப்பது போல ஒரே மூச்சில் குடித்தோம். ஆனாலும் வேலைக்கு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் அவர் சொன்னது உண்மை என்று ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போது முழுக்க அவர் மேல் கோபமாகத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்திலேயே பாட்டிலை எடுத்துக் கடகடவென்று குடித்தேன். மறுநாள் காலையிலும் வீம்புக்கு இரண்டு சொம்பு குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்தத் திங்கட்கிழமை முதலாளி வந்தார். வந்ததும் பாத்ரூம் போனார். பிறகு என் மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த ஸ்டீல் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். வேண்டியபோது குடிக்கிறார், வேண்டியபோது போகிறார், அதைப் பற்றி அவர் வாழ்க்கையில் ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புதுசா வந்தாங்களே, அவங்களைப் பத்திப் பேசணும்மா" என்றார். ஒரு மாதத்துக்கு முன்புதான் ஹாலில் கேமரா மாட்டியிருந்தார், மல்லேஸ்வரத்தில் இருந்தபடியே போனில் பார்ப்பார். "வியாழக்கிழமை நடந்ததைப் பார்த்தேன். பாவம், அவங்க மேல தப்பு சொல்லல. ஆனா சுகர் இருக்கறவங்களுக்கு இந்த வேலை சரிப்படாது. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், நிறுத்திடலாம். மத்தவங்களுக்கும் ஒரு டைம் போட்டு எழுதி ஒட்டிடுங்க. இங்க பாருங்க, முதல் வாரத்துல எத்தனை தடவை எழுந்திருக்காங்கன்னு." போனை என் பக்கம் நீட்டினார்.

சின்னத் திரையில் எங்கள் ஹால் தெரிந்தது. அந்தப் புதியவர் எழுந்தார், கதவைத் தாண்டிப் போனார். அதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது, ஹாலின் இந்தக் கோடியில் காலர் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையை. அவர் எழுந்த அதே நொடியில் அந்தப் பெண்பிள்ளையின் தலை நிமிர்ந்தது. கதவுக்கு மேலே பார்த்தது. மறுபடி குனிந்தது. முதலாளி அடுத்த துண்டைக் காட்டினார். மறுபடி நிமிர்ந்தது, பார்த்தது, குனிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. கையில் வேலை ஒரு தையல்கூடத் தவறவில்லை. எங்கள் லைன் சூப்பர்வைசர் என்னிடம் எதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று நான் கண்ணால் பார்த்தேன்.

"நீங்க கரெக்டா டைம் பார்க்கறீங்க" என்றார் முதலாளி, ரொம்ப அன்பாக. "சேர்ந்தப்பவே கவனிச்சேன். அதனாலதான் உங்களை இன்சார்ஜா போட்டேன்."

எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. என்னுடைய கை வேலைக்காக அந்தப் பொறுப்பைக் கொடுத்தார் என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். ஜீவனஹள்ளியில் அந்தப் பெண் சொன்னதை வாய் கூசாமல் பொய் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. முதலாளி பேசிக்கொண்டே போனார், எந்த நேரம் போடலாம், பத்தரை, ஒன்று, நாலரை சரியாக இருக்குமா என்று. அப்போது, காலையில் குடித்த இரண்டு சொம்புத் தண்ணீர் எனக்குள் கேட்டது. அது என் வயிறு கேட்டதுதான், யாருடைய மணியும் இல்லை. மணி பதினொன்றே முக்கால். வேலை நேரத்தில், டீயும் சாப்பாடும் இல்லாத நேரத்தில், பத்தொன்பது வயதுக்குப் பிறகு முதல் தடவை.

நான் எழுந்தேன். "சார், நான் பாத்ரூம் போய்ட்டு வரேன்."

"இருங்கம்மா, ரெண்டே நிமிஷம், முடிச்சிடறேன்."

"இல்ல சார். இப்பவே போகணும்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பத்துப் பேர் வரிசைக்கு நடுவே நடந்து அந்தக் கதவைத் தாண்டினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த வயதில் வேறு இடத்தில் வேலை தேடுவது எனக்குச் சுலபமில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவசரப்படவில்லை. நிதானமாக இருந்தேன், நிதானமாகக் கை கழுவினேன், சோப்புப் போட்டு மறுபடி கழுவினேன். வெளியே ஒரு முதலாளி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். காத்திருக்கட்டும்.

திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார்.

"சார், அவங்க எழுந்ததால வியாழக்கிழமை அது நடக்கல. நான் பார்த்ததால நடந்தது. நிறுத்தணும்னா என்னை நிறுத்துங்க" என்றேன்.

"என்னம்மா, ஏன் இப்படி எமோஷனல் ஆகறீங்க? ஸ்கூல் திறக்கற வரைக்குமாவது சொல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே."

"இருபத்திரண்டு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணியாச்சு சார், கல்லு வந்ததுதான் மிச்சம். டைம்லாம் எழுதி ஒட்ட மாட்டேன். அவங்க வருவாங்க. போகணும்னா போவாங்க. எல்லாரும் போவாங்க. வேணாம்னா இப்பவே சொல்லுங்க, நான் பையை எடுத்துக்கறேன்."

அவர் மூட்டை மூட்டையாகக் கிடந்த வெட்டிய துணிகளைப் பார்த்தார். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரத்தில் இன்சார்ஜ் இல்லாமல் இது நடக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "பார்க்கலாம்மா" என்றார். "பார்க்கலாம் வேணாம் சார், சரின்னு சொல்லுங்க" என்றேன். மனசு சரியில்லாதபோது அவர் கன்னடத்துக்கு மாறிவிடுவார். "ஆயித்து, ஆயித்து" என்று கையை ஆட்டிச் சம்மதித்துவிட்டுப் படியிறங்கினார். கேமராவைக் கழற்றுங்கள் என்று பின்னாலேயே கேட்டேன், அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் நின்று ஜீவனஹள்ளிக்காரருக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை எடுத்தார். "நீங்க சொன்னது நிஜம். நான் பார்த்திருக்கேன். தினமும் பார்த்திருக்கேன். உங்க வீட்டுக்கே வந்து உங்களைப் பொய்க்காரி ஆக்கிட்டுப் போனேன். மன்னிச்சிருங்க" என்றேன். "ஏன் அழறீங்க?" என்றார். நான் அழவில்லை என்றேன். அதுவும் பொய்தான். செவ்வாய்க்கிழமை ரத்த டெஸ்ட் இருக்கிறது, புதன்கிழமை வருகிறேன் என்றார்.

பிறகு மற்றவர்களிடமும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "நீங்க எழுந்தா என் கண்ணு கடிகாரத்துக்குப் போகுது. நான் அனுப்பல, அதுவா போகுது. என்னால நிறுத்த முடியும்னு தோணல. அதை மதிக்காதீங்க. பார்த்தா என்னைத் திட்டுங்க." முதலில் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "திட்டினா கோச்சிக்க மாட்டீங்களே?" என்று கேட்டாள். மறுநாள் ஒருத்தி எழுந்ததும் என் தலை நிமிர, "அக்கா, கண்ணு!" என்று நாலு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அன்றைக்கு முழுதும் இதே விளையாட்டு. தேவையில்லாமலேகூட இரண்டு பேர் எழுந்து போய் வந்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். போகட்டுமே. அந்த ஹாலில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

என் கண் திருந்தவில்லை. இதைப் படித்துவிட்டு, எல்லாம் புரிந்துகொண்டேன், மாறிவிட்டேன் என்று நான் சொல்வேன் என யாராவது எதிர்பார்த்தால் ஏமாற வேண்டியதுதான். இருபத்திரண்டு வருடம் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே புகுந்தது இப்போது நான் கேட்டுக்கொண்டதும் வெளியே போய்விடுமா? போகாது. அது அங்கேயே கிடக்கட்டும். அதன் பேச்சை இனி யாரும் கேட்கக்கூடாது, நான் உட்பட. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தண்ணீரும் அப்படித்தான், தாகம் வருமென்று காத்திருப்பதில்லை. தாகம் வராது. வீம்புக்குக் குடிக்கிறேன், கோபத்துக்குக் குடிக்கிறேன்.

புதன்கிழமை அவர் வந்தார். அன்று முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் தைத்தார், மூன்று வேளை மட்டும் போனார். மற்றவர்கள் என்னைப் பார்த்துக் கத்தியதைக் கேட்டு லேசாகச் சிரித்ததோடு சரி. வியாழக்கிழமையும் அப்படியே. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லித்தானே ஏற்கெனவே ஏமாற்றியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் மெஷின் நின்றது. பாதியில் இருந்த பாவாடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். மணி பதினொன்று இருபது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். "அக்கா, கண்ணு!" என்று மூன்று பேர் கத்தினார்கள். அவர் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.